கச்சேரி ஒலி வீட்டில் வராதபோது: அறிகுறி கொண்டு குறை கண்டறியும் வழிமுறை

கர்நாடக சங்கீதப் பதிவுகளை வீட்டில் கேட்பவர்கள், ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபயரோ சரியில்லை என்று முடிவுகட்டிப் புதியது வாங்கக் கிளம்பும் முன், குறை எங்கே இருக்கிறது என்பதைத் தாமே கண்டறிய உதவுவது இந்த வழிமுறையின் நோக்கம். பதிவில் குறை இருக்கலாம், அறையில் இருக்கலாம், ஸ்பீக்கர் வைத்த இடத்திலோ வயர் இணைப்பிலோ இருக்கலாம், கருவியிலும் இருக்கலாம். இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்கு மட்டுமே கடைக்குப் போக வேண்டும். ஆனால் நம்மில் பலர் அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.

முதலில் எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். சென்னை சபாக்களில் நடக்கும் கச்சேரிகளில் பெரும்பாலானவை மைக், மிக்ஸர், ஸ்பீக்கர் வழியாகவே நம் காதுக்கு வருகின்றன. அங்கே முன்வரிசையில் நெஞ்சில் மோதிய மிருதங்க ஒலியை வீட்டில் எதிர்பார்ப்பவர், உண்மையில் இன்னொரு ஸ்பீக்கரின் ஒலியைத்தான் எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பே அவரை, தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபரிடம் கொண்டுபோய் விடுகிறது. வீட்டுக் கூடத்தில் மைக் இல்லாமல் நடக்கும் கச்சேரி, பாட்டு வாத்தியார் வீட்டு வகுப்பு, அடுத்த அறையில் யாரோ சாதகம் செய்யும் வீணை ஆகியவையே சரியான அளவுகோல். எட்டுப் பத்து அடி தூரத்தில் அமர்ந்து ஒருமுறை கவனித்துக் கேட்டால், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒலி நாம் நினைப்பதைவிடச் சுருக்கமானது என்பதும், வயலினில் வில் உரசும் சத்தம் இருந்தாலும் அது காதை உறுத்துவதில்லை என்பதும் தெரியவரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

குறை தெரியும் அதே பகுதியை, ஓரளவு தரமான வயர் ஹெட்போனில் கேட்க வேண்டும். ஹெட்போனில் அறை இல்லை. அங்கும் அதே இடத்தில் அதே குறை கேட்டால், அது பதிவிலேயே இருக்கிறது. எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் போகாது. ஹெட்போனில் நன்றாக இருந்து ஸ்பீக்கரில் மட்டும் கெட்டால், கீழே வரும் பகுதிகளுக்குச் செல்லலாம்.

அடுத்ததாக, பழைய மோனோ (ஒற்றைத் தட) பதிவு ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும். அகில இந்திய வானொலியின் பழைய ஒலிபரப்புகளும் 78 சுழற்சி இசைத்தட்டுகளிலிருந்து மாற்றப்பட்டவையும் இதற்கு மிகவும் உகந்தவை. பழைய பதிவு என்று ஒதுக்கிவிடும் இந்த ஒலிகளே ஸ்பீக்கர் இணைப்பைச் சோதிக்கக் கைக்கு எட்டிய சிறந்த கருவி. காரணம் பின்னால் வருகிறது.

அறிகுறி: தொப்பியின் ஒலி 'கும்' என்று அறை முழுவதும் தங்கிவிடுகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இது. பெரும்பாலும் கருவிக்குச் சம்பந்தமில்லாததும் இதுதான்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே, அவற்றின் தூரத்துக்கு ஏற்ற ஓர் அதிர்வெண் மட்டும் பெருகி நிற்கும். அந்த அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க 567 என்ற எண்ணை, சுவர்களுக்கு இடைப்பட்ட தூரத்தின் அடிக்கணக்கால் வகுத்தால் போதும். 10 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட அறையில் அகலத்துக்குச் சுமார் 57 ஹெர்ட்ஸும் நீளத்துக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸும் வரும்; இவற்றின் மடங்குகளான 114, 95 ஆகியவையும் பெருகும். நம் ஊர் வீடுகளில் கூரையும் பெரும்பாலும் 10 அடி உயரத்தில் இருப்பதால், அகலமும் உயரமும் ஒரே அதிர்வெண்ணைச் சேர்ந்தே தூக்கிவிடுகின்றன. 1 கட்டை என்ற சுருதியில் பாடுபவரின் அடிப்படைச் சுரமான ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், 5 கட்டையில் பாடுபவருடையது சுமார் 196. தொப்பி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதாகக் கொண்டால் 65 முதல் 98 வரை வருகிறது. அறை எங்கே பெருக்குகிறதோ, அதன் பக்கத்திலேயே தொப்பியும் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் கச்சேரியில் தொப்பி நன்றாகவும் இன்னொருவர் கச்சேரியில் தாங்கமுடியாமலும் இருப்பதற்கு, வாசித்தவர் அல்ல, பாடகரின் கட்டையே காரணமாக இருப்பதுண்டு.

இதை நேரில் பார்த்துவிடலாம். கைப்பேசியில் ஒற்றை அதிர்வெண்ணை ஒலிக்கச் செய்யும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, வகுத்துக் கண்ட அதிர்வெண்ணை மிதமான வால்யூமில் ஒலிக்கவிட்டு, சுவரோரத்திலிருந்து அறையின் நடுப்பகுதிக்கு மெதுவாக நடக்க வேண்டும். சுவரோரத்தில் காதை அடைக்கும் ஒலி, நடுவே வரும்போது ஏறக்குறைய காணாமல்போகும். மறுபக்கச் சுவரை நெருங்கும்போது மீண்டும் வரும். மூலையில் குனிந்து காதை வைத்தால் அதன் முழு உருவமும் தெரியும். வால்யூமை யாரும் தொடவில்லை, ஸ்பீக்கரும் மாறவில்லை.

நம் வீடுகளில் சோபா பெரும்பாலும் பின்சுவரை ஒட்டியே கிடக்கிறது. ஒலி மிகவும் பெருகும் இடத்தில் அமர்ந்துகொண்டு ஸ்பீக்கரைக் குறை சொல்வது நியாயமில்லை. சோபாவை இரண்டு மூன்று அடி முன்னே இழுப்பதும், ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து விலக்குவதும் முதல் மருந்து. ஸ்பீக்கரின் பின்னால் காற்றுத் துளை இருந்தால், அதில் ஒரு பழைய காலுறையைச் சுருட்டி அடைத்துக் கேட்டுப் பார்க்கலாம். சிறிய அறைகளில் இது வியக்கத்தக்க அளவுக்கு உதவும். சப்வூஃபர் இருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டு ஒரு வாரம் கேட்பது நல்லது. குரல், வயலின், வீணை, மிருதங்கம் ஆகியவற்றில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் இல்லை என்பதால் பலர் அதை மீண்டும் போடுவதில்லை.

சுவரில் துணி தொங்கவிடுவது இந்தக் குறைக்கு உதவாது. 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6 மீட்டர். ஜமுக்காளமோ திரைச்சீலையோ அதற்கு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இடம் மாற்றியும் தீராவிட்டால், அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் குறுகலாக 5 அல்லது 6 டெசிபல் குறைக்கலாம். பாஸ் திருகியை ஒட்டுமொத்தமாகக் குறைத்தால் குரலின் கனமும் சேர்ந்து போய்விடும்.

அறிகுறி: தொப்பி கேட்கவே இல்லை, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை மட்டும் 'டிக் டிக்' என்கிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். அறையின் சரியான நடுவில் அமர்ந்திருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் ஸ்பீக்கரின் முன்முகத்துக்கும் அதன் பின்னால் உள்ள சுவருக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து, 284ஐ அந்த அடிக்கணக்கால் வகுத்துப் பார்க்க வேண்டும். அந்த அதிர்வெண்ணில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியை அழித்துவிடும். 3 அடி என்றால் 95 ஹெர்ட்ஸ். அது தொப்பியின் மேலேயே விழுகிறது. முக்கால் அடி முன்னோ பின்னோ நகர்த்தினாலே மாற்றம் தெரியும். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றின் வயர் தலைகீழாக இணைந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். அதற்கு அடுத்த பகுதி.

அறிகுறி: பாடகர் ஓரிடத்தில் அமர்ந்து பாடுவதாகத் தோன்றவில்லை

மைக் இல்லாத கச்சேரியில் கண்ணை மூடினாலும் பாடகர் இருக்கும் இடத்தை விரலால் சுட்டிவிடலாம். வீட்டில் அது நடக்கவில்லை என்றால் மோனோ பதிவை ஒலிக்கவிட வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலி வருவதால், குரல் இரண்டுக்கும் நட்டநடுவில், ஒடுங்கிய ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். குரல் பரந்து, இடமில்லாமல், தலைக்குள் இருப்பதுபோல் மிதந்தால், ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகள் மாறி இணைந்திருக்கின்றன. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி இணைத்தால், குரல் நடுவில் வந்து உட்காருவதோடு காணாமல்போன தொப்பியும் திரும்பிவிடும். குரல் புள்ளியாக நின்றும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், அமரும் இடம் நடுவில் இல்லை, அல்லது ஒரு பக்கத்தில் ஜன்னலும் மறுபக்கத்தில் சுவரும் இருக்கின்றன.

இணைப்பு சரியாக இருந்தால் அமைப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஏறத்தாழ சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். இடையில் டிவி மேசையோ கண்ணாடி அலமாரியோ முன்னே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. ஆனால் அவை நாற்காலியில் அமர்பவரை எண்ணி எழுதப்பட்டவை. பாயில் சம்மணமிட்டு அமர்ந்து கேட்பவரின் காது தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கும். கடையில் விற்கும் ஸ்டாண்ட் அவருக்கு உயரமாகிவிடும். அரிசி மூட்டை வைக்கும் பலகை உயரத்தில் ஒரு கனமான முக்காலி போட்டு, ஸ்பீக்கரைச் சற்றே மேல்நோக்கிச் சாய்ப்பது அவருக்குப் பொருத்தமானது. பீரோவின் மேல் ஏற்றிவைத்த ஸ்பீக்கரிலிருந்து மேடைக் கச்சேரி வராது, அசரீரிதான் வரும். டிவிக்குக் கீழே வைக்கும் ஒற்றைப் பட்டை ஸ்பீக்கர்களால் இந்த இட உணர்வைத் தர முடிவதில்லை. அவற்றின் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கத்தில் இருக்கின்றன.

அறிகுறி: வயலின் காதைக் கீறுகிறது, 'ச', 'ஸ' எழுத்துகள் சீறுகின்றன

இங்கே ஹெட்போன் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். வயலினில் ஒட்டவைத்த பிக்கப் என்ற ஒலியுணரி மூலம் நேரடியாக மிக்ஸருக்குப் போன ஒலி, எந்தக் கருவியில் கேட்டாலும் கம்பியைக் காதருகே இழுப்பதுபோல்தான் இருக்கும். மரத்தின் உடலிலிருந்தும் அறையின் காற்றிலிருந்தும் வர வேண்டியவை அந்தப் பதிவில் இல்லவே இல்லை. இல்லாததை ஸ்பீக்கர் கொண்டுவராது. அத்தகைய பதிவுகளுக்காக ஒலி மங்கிய ஸ்பீக்கர் வாங்குபவர், நல்ல பதிவுகளையும் சேர்த்து மங்கவைத்துக்கொள்கிறார்.

பதிவு நன்றாக இருந்தால் அறையில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்க வேண்டும். தட்டிய பின் 'ட்ரிங்' என்று உலோக வாலொன்று தொடர்ந்தால், வழவழப்பான தரை ஓடும் வெற்றுச் சுவர்களும் ஒலியை மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருக்கின்றன. பாஸுக்கு உதவாத துணி இங்கே உதவும். ஸ்பீக்கருக்கும் கேட்பவருக்கும் இடையே தரையில் கனமான ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரிப்பதும், பக்கச் சுவரில் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடத்தில் புத்தக அலமாரியையோ, சுருட்டி நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தையையோ வைப்பதும் நல்ல பலன் தரும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்த, அமர்ந்திருப்பவருக்கு அதில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். கோரைப்பாய் மெல்லியது; அதை நம்ப வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் சீறல் இருந்தால், இப்போது ஸ்பீக்கரைச் சந்தேகிக்கலாம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாயிட் டூல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து நடத்திய கேட்புச் சோதனைகள் 1980களின் நடுவில் வெளியாயின. நேர்முகமாக ஏற்ற இறக்கமின்றியும், பக்கவாட்டுகளில் ஒரே சீராகக் குறைந்துகொண்டும் போகும் ஒலியையே கேட்பவர்கள் விரும்பினார்கள் என்று அவை காட்டின. வயலினுக்கு இதன் பொருள் தெளிவானது: தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் பக்கவாட்டு ஒலி திடீரென்று எகிறும் ஸ்பீக்கர், வெற்றுச் சுவர் அறையில் வயலினைக் கீறவே செய்யும். வாங்குவதற்கு முன் இணையத்தில் அந்த மாதிரிக்கு நேர்முக, பக்கவாட்டு அளவீட்டு வரைபடங்கள் கிடைக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பது, விமர்சகர்களின் உவமைகளைப் படிப்பதைவிடப் பயனுள்ளது.

அறிகுறி: தம்புரா இருக்கிறது, ஆனால் உயிரில்லை

தம்புராவில் தந்திகளைத் தாங்கும் பாலத்தில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலால், மீட்டிய பிறகும் மேல்நாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. வளைந்த பாலத்தின் இந்த விந்தையைப் பற்றி சி. வி. ராமன் 1921இல் எழுதினார். அந்த மேல்நாதங்கள் மிகவும் மெல்லியவை. அவற்றை அழிக்கும் முதல் குற்றவாளி நம் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. அதை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கேட்டால், பணம் செலவழிக்காமலேயே ஒரு படி மேலான கருவி கிடைத்த உணர்வு வரும். சென்னை மே மாதத்தில் இது எல்லாராலும் ஆகிற காரியமல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சத்தம் குறைந்த விசிறியில் செலவிடுவதும் ஒலிக்கருவிச் செலவுதான்.

இரண்டாவது காரணம் கோப்பு. நண்பர்களிடையே கைமாறிய பல அரிய கச்சேரிகள் 128 கிலோபிட் அல்லது அதற்கும் குறைந்த எம்.பி.3 கோப்புகளாக இருக்கின்றன. அவற்றில் தம்புரா நீருக்கடியில் சலசலப்பதுபோல் கேட்கும். இதற்கு மாற்று, நல்ல மூலத்திலிருந்து எடுத்த கோப்பைத் தேடுவது மட்டுமே.

அறிகுறி: மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் ஒலி நசுங்குகிறது அல்லது கரகரக்கிறது

இது ஆம்ப்ளிஃபயரின் திறன் கணக்கு. பெரும்பாலான சிறிய ஸ்பீக்கர்கள் 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் சுமார் 86 டெசிபல் தருகின்றன. இரண்டும் சேர்ந்து 10 அடி தூரத்தில் ஏறத்தாழ 80 டெசிபல் ஆகும். நிதானமான ஆலாபனைக்கு 1 வாட்டே போதும். ஆனால் அருகிலிருந்து கேட்கும் சாப்பு என்ற மிருதங்க அடியின் உச்சம் 100 டெசிபலை எட்டக்கூடும். கூடுதல் 20 டெசிபலுக்கு நூறு மடங்கு, அதாவது 100 வாட் வேண்டும். 92 டெசிபல் தரும் ஸ்பீக்கராக இருந்தால் 25 வாட் போதும். பெட்டியில் அச்சிட்ட ஆயிரக்கணக்கான வாட்டுகளை நம்பாமல், 8 ஓமுக்குத் தொடர்ச்சியாக எத்தனை வாட் என்ற ஒரே எண்ணைக் கேட்க வேண்டும்.

சோதிப்பதற்கு மிகச் சிறந்த பகுதி தனி ஆவர்த்தனம் அல்ல, கச்சேரி தொடங்கும் முன் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கும் அந்தச் சில நொடிகள். வெட்டாத பதிவுகளில் அது இருக்கும். மரக்கட்டையின் மேல் கல் விழும் 'டொக்' ஒலி கூர்மையாகவும், உடனே அடங்குவதாகவும், அதைத் தொடர்ந்து விரலால் எழுப்பும் மீட்டுச்சொல் தனியாகவும் கேட்க வேண்டும். 'டொக்' மழுங்கித் 'தொப்' ஆனால், ஆம்ப்ளிஃபயர் திணறுகிறது, அல்லது பதிவில் உச்சங்கள் முன்பே அமுக்கப்பட்டுவிட்டன. எது என்பதை ஹெட்போன் சொல்லும்.

நாதஸ்வரமும் தவிலும் வேறு கணக்கு. கோயில் பிராகாரத்துக்கும் வீதி உலாவுக்கும் உருவான அந்த ஒலியை உண்மை அளவில் 10 அடி அறைக்குள் கொண்டுவந்தால் குடும்பத்தார் வெளியே போக வேண்டியிருக்கும். அளவைக் குறைத்துக் கேட்பதே வழி.

அறிகுறி: வால்யூம் குறைத்தால் எல்லாம் சன்னமாகிவிடுகிறது

இது பழுதல்ல, காதின் இயல்பு. ஒலியளவு குறையும்போது தாழ்ந்த அதிர்வெண்கள் நமக்குக் கூடுதலாகக் குறைந்து கேட்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். இரவில் மெதுவாகக் கேட்பவர்கள், ஆம்ப்ளிஃபயரில் 'லவுட்னஸ்' பொத்தான் இருந்தால் தயங்காமல் அழுத்தலாம். பகலில் அதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

அறிகுறி: பாட்டுக்குப் பின்னால் 'உர்ர்' என்ற இரைச்சல்

ஆம்ப்ளிஃபயரில் வந்து சேரும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். கேபிள் டிவி பெட்டியின் வயரைக் கழற்றியதும் நின்றால் எர்த் இணைப்பு இரண்டு வழியாக வருகிறது. மடிக்கணினியின் சார்ஜரை எடுத்ததும் நின்றால் அதுதான் காரணம். எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் இணைப்பது பெரும்பாலும் தீர்த்துவிடும். கரண்ட் போனபின் மட்டும் இரைச்சல் வந்தால் இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கலாம். எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்கக் கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

எல்லாம் சரிபார்த்தும் குறை நின்றால்

இப்போது கடைக்குப் போகலாம். செலவின் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கே போக வேண்டும். இங்கிலாந்தின் பிபிசி 1970களில் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ் 3/5ஏ என்ற சிறிய மூடிய பெட்டி, மனிதக் குரலின் இயல்புக்காக இன்றும் தேடப்படுகிறது. அதில் பாஸ் குறைவு, உரத்த ஒலியும் வராது. குரலும் வீணையும் மட்டும் கேட்பவருக்கு அந்த வகை போதும். மிருதங்கத்தையும் கடத்தையும் முழு அளவில் கேட்க விரும்புபவர் ஆறரை அங்குல வூஃபர் கொண்டதாகப் பார்க்க வேண்டும். வயருக்கு, மின்சாமான் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம்; 5 மீட்டர் ஓட்டத்தில் போக வர அதன் தடை 0.1 ஓமுக்கும் குறைவு. அதற்கு மேல் வயரில் போடும் பணம் காதுக்கு எட்டுவதில்லை என்பது என் கருத்து.

எட்கர் வில்ச்சூர் நிறுவிய அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனம் ஒன்று, 1950களின் இறுதியிலிருந்து ஒரு நால்வர் தந்திக் குழுவை மேடையேற்றி, நடுவில் அவர்கள் வில்லை மட்டும் அசைக்க, ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றிக் காட்டியது. அவையினரில் பலருக்கு மாறிய இடம் தெரியவில்லை. இரண்டு ஒலிகளும் ஒரே அறையில், ஒரே அளவில் ஒலித்ததால்தான் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு வந்தது. கடையிலும் அதையே கேட்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும் என்பதால், கைப்பேசியின் ஒலிமானியில் பார்த்து இரண்டையும் சம அளவுக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். விற்பனையாளர் போட்டுக் காட்டும் சினிமாப் பாடலை நிறுத்திவிட்டு, ஒரு மோனோ பதிவு, மைக் அதிகமில்லாத ஒரு வீட்டுக் கச்சேரிப் பதிவு, சுருதி சேர்க்கும் அந்தச் சில நொடிகள் ஆகியவற்றைக் கொண்டுபோய்ப் போடச் சொல்ல வேண்டும். கடையின் குளிரூட்டிய, கம்பளம் விரித்த அறை நம் வீட்டுக் கூடம் அல்ல. ஓரிரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவார்களா என்று கேட்டு, தருவதாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.